பஸ்ஸை எடுத்துவிட்டு எழுதிய சீவி

7ஆம் லயம், மேல்பிரிவு,
பொகவந்தலாவை.
12.07.2024

அன்பு மகள் நிலக்ஷிக்கு,

அப்பா எழுதுகிறேன். மெல்பேர்னில் குளிர் கடுமை என்று சொன்னாயாம், உனக்குக் காய்ச்சல் சளி ஒன்றும் வரக்கூடாது என்று அம்மா தினமும் மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிறாள். எங்கள் இருவருக்கும் உடம்பில் குறை ஒன்றுமில்லை, குறை எல்லாம் மனசில்தான். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நம் லயத்து வீடு உனக்குத் தெரியாததா, ஒரே அறை, நான் பேசினால் தம்பி கேட்பான், நீ பேசினால் அம்மா கேட்பாள். அதனால் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன், மூன்று நாளாக எழுதுகிறேன். இங்கே மழை விடவில்லை. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை எனக்குச் சரியாக இருக்கிறது. இப்போது விஷயத்துக்கு வருகிறேன், நான் சொல்வதைக் கோபப்படாமல் படி.

தம்பி துஷாந்துக்குக் கொழும்பில் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை கிடைக்கவில்லை என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். என்ன நடந்தது என்று அவன் உனக்குச் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டான். படித்து முடித்து மூன்று வருஷம் அவன் எத்தனை கம்பெனிக்கு எழுதிப் போட்டான், ஒன்றிலிருந்தும் பதில் வரவில்லை, அதற்குப் பிறகுதான் தன்னுடைய சுயவிபரத்தை, நீங்கள் சீவி என்று சொல்வதை, உனக்கு அனுப்பினான். நீ போனில் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. படம், சமயம், அடையாள அட்டை நம்பர், பேச்சுப் போட்டிப் பரிசு என்று மூணு பக்கம் எழுதியிருக்கியே தம்பி, யார் இதையெல்லாம் படிப்பாங்க, ஒரு பக்கம் போதும், எந்தெந்தக் கம்ப்யூட்டர் மொழி தெரியும்னு சும்மா அடுக்காத, அத வச்சு என்ன செஞ்சன்னு எழுது என்றாய். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே புரிந்தது. என் மகள் எவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தேன்.

அவன் செய்தது என்று சொல்ல ஒன்று இருந்தது. நம் மேல்பிரிவுக்கு வரும் ஒரே பஸ் எங்கே வருகிறது என்று போனிலேயே காட்டுகிற மாதிரி அவன் ஒன்று செய்து வைத்திருந்தான், உனக்கும் காட்டினான். டிரைவர் மாயாண்டியின் போனில் எதையோ போட்டுவிட்டான், பஸ் நோர்வூட்டில் நின்றாலும் சரி பாலத்தடியில் சறுக்கிக்கொண்டு கிடந்தாலும் சரி, வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். பனியிலும் மழையிலும் ரோட்டில் போய் நிற்கிற வேலை நம் சனத்துக்கு இல்லாமல் போனது. அதைத்தான் அவன் முதலில் எழுதியிருந்தான். நீ அதை எடுத்துவிட்டாய். தோட்டத்து பஸ்ஸப் போட்டா கொழும்பில சிரிப்பாங்க என்றாய். அந்த இடத்தில், உன் கூட்டாளி வேலை செய்த கம்பெனியில் இவன் இரண்டு வருஷம் வேலை செய்ததாக எழுதினாய். அக்கா, நான் அங்க வேல செய்யலியே என்று அவன் கேட்டான். எல்லாரும் போடுறதுதான், நீ பேசாம இரு என்றாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் மகளே, ஒரு வார்த்தை சொல்லவில்லை. படித்தவர்கள் விஷயம், நமக்கென்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். அது என் குற்றம்.

அந்தச் சீவியை அனுப்பியதும் கொழும்பிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள், நானும் கூடப் போனேன். முதல் நாளே போய் வத்தளையில் சித்தப்பா வீட்டில் தங்கினோம். காலையில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் கீழே செக்யூரிட்டி எனக்கு ஒரு நாற்காலி போட்டார், துஷாந்த் லிப்டில் மேலே போனான். முக்கால் மணி நேரத்தில் இறங்கி வந்தவன் என்னைப் பார்க்காமல் நேராக ரோட்டுக்கு நடந்தான். கிடைச்சிருச்சா தம்பி என்று கேட்டேன், வாங்கப்பா என்று மட்டும் சொன்னான். ஹட்டன் பஸ்ஸில் ஏறினோம், வட்டவளை தாண்டும் வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான், அதற்குப் பிறகு அவனாகவே சொன்னான். மேசையில் மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே அந்த இரண்டு வருஷத்தைப் பற்றிப் பேசியிருக்கிறான். மூன்று பேரில் ஒருவர், அந்த ரெண்டு வருஷமும் நான் அங்கதான் இருந்தேன், உங்கள ஒரு நாளும் பார்த்ததில்லையே என்றாராம். கோபமாகச் சொல்லவில்லையாம், மெதுவாகத்தான் கேட்டாராம். பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடுவில் இருந்த மேடம், நீங்களா செஞ்சது ஏதாவது இருக்கா என்று கேட்டிருக்கிறார். இவன் போனை எடுத்து பஸ்ஸைக் காட்டியிருக்கிறான். அந்த நேரம் மாயாண்டி நோர்வூட்டிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தாராம், மூன்று பேரும் குனிந்து பார்த்தார்களாம், எப்படிச் செய்தாய், சிக்னல் இல்லாத இடத்தில் என்ன செய்வாய் என்றெல்லாம் கேட்டார்களாம், எல்லாவற்றுக்கும் இவன் பதில் சொன்னானாம். கடைசியில் அந்த மேடம், இத எழுதியிருந்தா இன்னைக்கு முழுக்க இதப் பத்தியே பேசியிருப்போம், ஒரு பொய்யப் பார்த்த பொறகு மத்தத நான் எப்படி நம்புறது, என்னால எடுக்க முடியாது மல்லி என்று, சிங்களத்தில் தம்பி என்றே கூப்பிட்டுச் சொல்லி, எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டாராம். அவங்க திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லப்பா என்றான். பஸ்ஸில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன், வேறு என்ன செய்ய.

வீட்டுக்கு வந்த மறுநாளே மாயாண்டியின் போனிலிருந்து அதை அழித்துவிட்டான். மூன்றாம் லயத்து லெட்சுமி கிளினிக் போகிற நாளில் மழையில் வந்து நின்று, தம்பி, பஸ்ஸு எங்க வருதுன்னு காட்டலியே, எம் போனு கெட்டுப்போச்சா என்று கேட்டது. இனி காட்டாதுக்கா என்றான், முகத்தைப் பார்க்காமல். அந்த வாரமே தோட்டத்து ஆபீஸில் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டான். எங்களிடம் கேட்கவில்லை. திங்கட்கிழமை பெரட்டில், காலையில் எல்லாரும் வேலைக்கு நிற்கிற வரிசையில், அவனும் நின்றான். வேலை பிரித்துக்கொடுக்கும் கண்டாக்கு ஐயாவே, நீ என்னடா இங்க என்று கேட்டாராம். புல்வெட்டுக்கு அனுப்பிவிட்டார். அம்மா அதே பெரட்டில் கொழுந்துக் கூடையோடு நின்றாள். அவனைக் கண்டதும் திரும்பி மலையைப் பார்த்து நின்றுகொண்டாள் என்று மற்றப் பெண்கள் வந்து சொன்னார்கள். அன்றிலிருந்து வீட்டில் மூன்று பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், பேச்சுத்தான் இல்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் நான்தான் கேட்டேன். அக்கா சொன்னா ஒனக்குப் புத்தி எங்க போச்சு என்றேன். அவன் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. அக்கா மேல கோவம் இல்லப்பா, அக்காவும் மொத வேலைக்கு இப்படித்தான் போட்டுச்சாம், ஏழு வருஷமா யாராவது கேட்டுருவாங்களோன்னு பயந்துகிட்டே இருக்காம், எங்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கு என்றான்.

அதைக் கேட்ட பிறகு தம்பியின் துக்கம்கூட எனக்குப் பின்னால் போய்விட்டது மகளே. கம்பஸுக்கு, பல்கலைக்கழகத்துக்கு, இங்கிருந்து எடுபட்ட முதல் பிள்ளை நீ, உன்னை வைத்துத்தான் இந்த லயத்தில் எத்தனை பேர் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். உன் கெட்டிக்காரத்தனத்தில் எது போதவில்லை என்று நீ அதை எழுதினாய் என்று இரண்டு நாள் யோசித்தேன், மூன்றாம் நாள்தான் பதில் கிடைத்தது. ஆறாம் வகுப்புக்கு உன்னை ஹட்டனில் சேர்க்கப் போனோமே, அப்போது ஒரு விண்ணப்பப் பாரம் கொடுத்தார்கள். என் கையெழுத்து நன்றாக இராது என்று உன்னிடம்தான் எழுதக் கொடுத்தேன். தகப்பன் தொழில் என்ற இடம் வந்ததும் தொழிலாளின்னா எடுக்க மாட்டாங்க, கிளார்க்குன்னு போடு என்றேன். நீ பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாய். போடு புள்ள, எல்லாரும் போடுறதுதான் என்றேன். நீயும் அழகாக எழுதினாய். உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை, ஆனால் இத்தனை காலம் அது தப்பு என்று தோன்றவில்லை. நாம் யார் என்று எழுதினால் நம்மை எடுக்க மாட்டார்கள் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். நீ தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தாய். உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

இது கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் எடு. என்னிடம் பேச வேண்டாம், அவனைக் கூப்பிடு. இன்னொரு சீவி எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொல்லாதே, அவன் எழுதியதுதான் சரி, நீ அந்த பஸ்ஸை எடுத்தது தப்பு என்று அந்த ஒன்றைச் சொல். அவன் பதில் பேசாவிட்டாலும் வைத்துவிடாதே. உன் வேலை விஷயத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எது நடந்தாலும் இந்த வீட்டுக்கு வர உனக்கு ஒரு தாளும் தேவையில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. தலையில் ஈரத்தோடு வெளியே போகாதே. மாரியம்மன் உன்னையும் தம்பியையும் ஒன்றாகவே வைத்திருக்க வேண்டும். அம்மாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது, அவளிடம் கேட்டுவிடாதே.

உன் அப்பா,
க. சிவசாமி,
தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி.