இது மருந்தில்லை என்று சொன்னவள் நான்

அன்பின் நானா,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்கள் உங்களை அடக்கம் செய்த மையவாடிக்கு வந்து கப்றடியில் நின்று ஸலாம் சொல்கிறார்கள். நம்மூரில் பெண்கள் அங்கே வருவதில்லை. அதனால்தான் உங்கள் தங்கச்சி நான் எழுதுகிறேன். ஊரார் வாசித்தாலும் வாசிக்கட்டும்.

முதலில் தோட்டத்துச் செய்தி. எங்கள் ஆய்வுகூடத்துப் பரிசோதனைக்கென்று நீங்கள் விட்டுத்தந்த நான்கு வரிசை மிளகாயிலும் பங்கசு என்கிற பூஞ்சையால் வரும் காய் அழுகல் அநேகமாக இல்லை. பக்கத்து வரிசைகளில் காயெல்லாம் கறுத்துக் குழிவிழுந்து மணலில் உதிர்ந்து கிடக்கிறது. ஆய்வுகூடத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கோ அந்தச் செடிகளைப் பார்த்தாலே ஆத்திரம் வருகிறது.

ஆர்.என்.ஏ. தெளிப்பு என்று முதன்முதல் சொன்னபோது சிரித்தீர்களே, நினைவிருக்கிறதா? "பேரே வாயில நுழையுதில்ல. இது பங்கசுக்குள்ள எப்பிடிப் புள்ள நுழையும்?" என்று கேட்டீர்கள். நான் வாய் ஓயாமல் விளக்கினேன். காயைத் துளைத்து உள்ளே போவதற்கான கட்டளை பங்கசின் உடம்புக்குள்ளேயே பிறக்கிறது, நாங்கள் தெளிப்பது அந்தக் கட்டளையை அழித்துவிடும், பிறகு அது என்ன செய்வதென்று தெரியாமல் அடங்கிப்போகும் என்றேன். கொஞ்ச நாளில் அதுவும் வெயிலிலும் மழையிலும் சிதைந்துவிடும் என்றேன்.

"அப்ப இதுவும் ஒரு மருந்துதானே?"

"இது மருந்தே இல்ல நானா. நஞ்சில்ல. குடிச்சாலும் ஒண்டும் ஆகாது."

என்ன தலைக்கனத்தில் அப்படிச் சொன்னேன்? கற்பிட்டிப் பக்கம் தோட்டத்தில் அடிப்பதெல்லாம் மருந்துதான். நஞ்சென்று யார் வாயிலும் வராது. மருந்தில்லை என்றபோது நஞ்சில்லை என்பதைத்தான் நான் சொன்னேன். மருந்தே இல்லையென்றால் நோய் எப்படி நிற்கும் என்று நீங்கள் யோசித்திருக்கிறீர்கள்.

முதல் இரண்டு முறையும் நாங்களே வந்து தெளித்தோம். மூன்றாம் முறை நான் காய்ச்சலில் விழுந்துவிட்டேன். தெளிப்பை ஐஸ் பெட்டியில் வைத்து உங்களுக்கு அனுப்பினேன். வேறெதோடும் கலக்காமல் தனியாக அடியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாரும் செய்வதுபோல, ஒரே நடையில் வேலை முடியட்டுமென்று, கொட்டிலில் கிடந்த பழைய பூச்சி மருந்தையும் முதுகில் சுமக்கும் அதே தெளிதாங்கியில் ஊற்றிக் கலந்தீர்கள். எப்போதோ தடைசெய்த மருந்து அது. தங்கச்சி நஞ்சில்லை என்றாளே என்று முகத்துக்குத் துணிகூடக் கட்டவில்லை. தாங்கி ஒழுகி முதுகெல்லாம் நனைந்தது. அந்தச் சேர்ட்டோடு கடைசி வரிசை வரை நடந்திருக்கிறீர்கள்.

ஆசுபத்திரிக் கட்டிலில் வியர்த்துக் கொட்டக் கொட்ட நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "கொஞ்சம் நல்ல மருந்தும் சேத்தேன் புள்ள. இல்லாட்டி ஒன்ட வேல பிழையாப் போயிரும் எண்டு." என் வேலை பிழையாகப் போகவில்லை, நானா. மறுநாள் ளுஹர் தொழுகைக்கு முன் நீங்கள் மௌத்தாகிவிட்டீர்கள்.

இப்போது ஊரெல்லாம் ஒரே கதை, புது மருந்து ஆளைக் கொன்றுவிட்டதாம். இனி அதைத் தோட்டத்துக்குள் விடமாட்டோம் என்கிறார்கள். பழைய போத்தல்களோ இன்னும் அவரவர் கொட்டிலிலேயே இருக்கின்றன. ஆய்வுகூடத்தில் என்னை ஒரு வரி எழுதித் தரச் சொன்னார்கள்: 'விவசாயி அறிவுறுத்தல்களைப் பின்பற்றவில்லை.' நான் எழுதவில்லை. எந்த அறிவுறுத்தலை? உங்களுக்குக் கிடைத்ததெல்லாம் நான் சொன்னதுதானே.

நேற்று மதினியைப் பார்க்கப் போனேன். உங்களுக்காக விதவைக் காலமான இத்தா இருக்கிறார், அறையை விட்டு வெளியே வருவதில்லை. ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப ஒன்ட பேச்ச நம்பித்தான் அவரு மௌத்தானாரா?" என்று கேட்டார்.

"ஓம் மதினி."

அவர் எழுந்து போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை விவசாயிகள் கூட்டம். அந்தத் தெளிப்பு உங்களைக் கொல்லவில்லை என்று அங்கே எழுந்து சொல்வேன். அப்படியென்றால் யார் கொன்றது என்று கேட்பார்கள். அதற்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

கடைசிவரை நீங்கள் நம்பிய தங்கச்சி,
நஸீரா