முதுகு காட்டிய சபையில் நீங்கள் பேசிய நாள்

அக்கா,

நேற்று டவுன்டவுனிலிருந்து மெட்ரோவில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த பெண் கைப்பையிலிருந்து தைலப் போத்தலை எடுத்து மூடியைத் திறந்தாள். பெட்டி முழுக்க அந்த வாசம். முன்னால் நின்ற பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு தாயிடம் பிரெஞ்சில் முறையிட்டது. எங்கேயாவது பேசப் போவதென்றால் நீங்கள் கழுத்தில் தைலம் பூசிக்கொள்வீர்கள். "குரலும் போயிட்டா என்னட்ட வேற என்ன புள்ள இருக்கு" என்று சிரிப்பீர்கள். நான் இறங்கவேண்டிய நிலையம் வந்து போனதுகூடத் தெரியவில்லை.

நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் உங்களைப் பற்றி யாராவது பேசத் தொடங்கினால் அது சண்டையில்தான் முடிகிறது. அது உங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

நாம் முதலில் சந்தித்ததே கட்சி அலுவலகத்தில்தான். வாக்காளர்களுக்கு அனுப்பும் துண்டறிக்கைகளை மடித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலையில் வேலை முடித்து, தலையில் கட்டிய வலையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தீர்கள். "எந்த ஊர்கா நீ?" என்று கேட்டீர்கள். திருகோணமலை என்றேன். "அப்ப நம்மட பக்கம்தான்" என்று மட்டக்களப்புக்கே உரிய உரிமையோடு கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டீர்கள். அன்றைக்கு அந்த அறையில் இருந்த தமிழர் எல்லோருக்கும் அது வெறும் கட்சி இல்லை. நாங்கள் அகதிகளாக வந்து இறங்கியபோது ஆட்சியில் இருந்த கட்சி. எங்கள் கையில் வதிவிடப் பேப்பர் கிடைத்தது அவர்கள் காலத்தில். என் கணவர் தேர்தல் நாளில் கோயிலுக்குப் போவதுபோல் குளித்துவிட்டுத்தான் வாக்குப் போடப் போவார்.

எல்லாவற்றையும் குலைத்தது வில்லரே பகுதியில் உங்கள் வீட்டின் மேல்மாடியில் இருந்த அந்தக் குடும்பம். தகப்பன், தாய், பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண்பிள்ளை. அவர்களின் அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது. ஆட்சியில் இருந்தது நம்முடைய கட்சி. நீங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்த்துப் பேசினீர்கள். சட்டத்தில் தன்னால் தலையிட முடியாது என்றார். அடுத்த வாரமே, மூச்சு உறையும் குளிரில், அவருடைய அலுவலக வாசலில் எதிர்ப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றீர்கள். தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். உங்கள் உடைந்த பிரெஞ்சில் நீங்கள் சொன்னதை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். "இது என் கட்சி. அதனால்தான் இங்கே வந்து நிற்கிறேன். வேறு கட்சியென்றால் வீட்டில் இருந்திருப்பேன்."

அன்றைக்கு எங்கள் வீட்டில் என் கணவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அவவுக்கு விசரே? இந்தக் கட்சி இல்லாட்டி எங்களுக்குப் பேப்பர் வந்திருக்குமே?"

இதை நான் உங்களிடம் சொன்னபோது நீங்கள் கோபிக்கவில்லை. "நன்றி சொல்லி முடிஞ்சி புள்ள. இனிக் கேள்வி கேக்கிற நேரம்" என்றீர்கள்.

கொஞ்ச நாளில் அந்த உறுப்பினர் அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார். அவர் இடத்துக்கு வேட்பாளரைத் தொகுதியிலுள்ள கட்சி உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவுசெய்ய வேண்டும். பேருக்குத்தான் தேர்தல். மேலிடம் ஓர் இளம் சட்டத்தரணியை ஏற்கெனவே தீர்மானித்திருந்தது. தமிழருடைய வாக்குகளைச் சேர்த்துத் தருவதாக நித்தி அண்ணை அங்கே வாக்குக் கொடுத்திருந்தார். கட்சிக்கும் எங்களுக்கும் இடையில் பாலம் அவர்தான். யாருடைய பிள்ளைக்கு வேலைக் கடிதம் வேண்டுமென்றாலும், யாருடைய தாய்க்கு விசா வேண்டுமென்றாலும் அவரைத்தான் தேடிப் போவோம். அப்படிப்பட்டவரிடம் நேரே போய், "அண்ண, நானும் நிக்கப் போறன்" என்று நீங்கள் சொன்னீர்கள். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையைக் கீழே வைக்காமலேயே, "பகிடி விடாதேங்கோ பிள்ளை" என்றார்.

பகிடி இல்லை என்று தெரிந்ததும் மாறிவிட்டார்கள். கட்சியின் இரவுணவு ஒன்றுகூடலுக்கு நாம் போனோமே, நினைவிருக்கிறதா? நாம் இருவரும் போய் உட்கார்ந்த மேசைக்கு வேறு யாரும் வரவில்லை. தட்டுகளோடு வந்தவர்கள் உங்களைக் கண்டதும் தடம் மாறி, மற்ற மேசைகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். என் கணவரும்தான். நித்தி அண்ணை மட்டும் வந்தார். உட்காரவில்லை.

"உள்ளுக்க இருந்துகொண்டு கட்சிக்குக் குழி பறிக்கிறீங்கள். உங்களுக்கு என்ன குறை வைச்சம் நாங்கள்?"

"எனக்கு ஒரு குறையும் இல்ல அண்ண. மேல்வீட்டுப் புள்ளைக்குத்தான் குறை."

"எல்லாரையும் காப்பாத்தேலாது. நாளைக்கு அவங்கள் எங்களையும் கைவிட்டா நீங்கள் பொறுப்போ?"

அவர் குரலில் இருந்தது கோபம் மட்டுமில்லை, பயமும்தான் என்று வீட்டுக்கு வரும் வழியில் நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்கு அப்போது அது புரியவில்லை. எனக்கு அவரைப் பிடித்துக் கடிக்க வேண்டும்போல் இருந்தது.

பிறகு கதைகள் கிளம்பின. மற்றக் கட்சிக்காரர் ஏவிவிட்ட ஆள் என்றார்கள். தொழிற்சாலையில் சண்டை பிடித்து வேலையை விட்டவள் என்றார்கள். நீங்கள் அப்போதும் காலை ஷிஃப்டுக்கு பஸ் பிடித்துப் போய்க்கொண்டிருந்தீர்கள்! மட்டக்களப்பாள் எங்களுக்கு அரசியல் படிப்பிக்க வந்திட்டாள் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். உங்கள் படத்தைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தெருமுனை டெப்பனர் மளிகைக் கடைக்காரர், இரண்டொரு நாளில் அதைக் கழற்றிச் சுருட்டிக் கையில் தந்து, "குறை நினைக்காதேங்கோ தங்கச்சி, எனக்கு வியாபாரம் இருக்கு" என்றார். நீங்கள் அவரிடம் பால் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தீர்கள்.

எங்கள் வீட்டில் நிலைமை இன்னும் மோசம். இவர் சட்டத்தரணிக்காகக் கதவு தட்டப் போவார். நான் உங்களோடு போவேன். ஒரே மாடிப்படியில் இவர் இறங்க நாம் ஏறியிருக்கிறோம். நீங்கள் "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பீர்கள். இவர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு "ஓம்" என்பார். வீட்டில் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதைத் தவிர எங்களுக்குள் வேறு கதை இல்லை. ஒருநாள் இவர் வெடித்தார்.

"நீ அவவோட திரியிறது எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமே? எல்லாரும் என்னைத்தான் கேக்கினம்."

"என்ன கேக்கினம்?"

"மனிசியை அடக்கத் தெரியாதோ எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

இவர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வேட்பாளர் தெரிவு நடந்த பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தை நான் இன்றும் அந்த வழியால் போகும்போது பார்க்காமல் கடந்துவிடுகிறேன். வெளியே பனி கரைந்து சேறாகிக் கிடந்தது. உள்ளே சட்டத்தரணியின் ஆட்கள் ஒரே நிறச் சால்வை போட்டு முன்வரிசைகள் முழுவதையும் பிடித்திருந்தார்கள். நம்முடைய ஆட்கள் பின்னால், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே. உங்கள் தொழிற்சாலைத் தோழிகள், ஹெயிட்டிப் பெண்கள் சிலர், மேல்வீட்டுத் தாய், அவளுடைய மகள். முதலில் சட்டத்தரணி பேசினார். நல்லவர்தான், நன்றாகவும் பேசினார். பிறகு உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நீங்கள் ஒலிவாங்கியை எட்டியதும் நித்தி அண்ணை எழுந்து நின்று கையைக் காட்டினார். சால்வை போட்ட அத்தனை பேரும் எழுந்து மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். எங்களோடு பொங்கல் உண்டவர்கள், என் பிள்ளையைத் தூக்கியவர்கள். முகங்கள் எங்களைப் பார்த்திருந்தன, ஆனால் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவர்களுக்குள் யாரோ ஊளையிட்டார்கள். காலால் பலகைத் தரையை உதைக்கத் தொடங்கினார்கள். மேல்வீட்டுப் பிள்ளை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவையள் ஏன் அக்காவைப் பாக்கினமில்லை?" என்று கேட்டது.

அந்த முதுகுகளுக்கு நடுவில் ஒருவர் மட்டும் திரும்பாமல் மேடையைப் பார்த்தபடி நின்றார். என் கணவர். கழுத்தில் அதே சால்வை.

"குகன், திரும்பும்!" என்றார் நித்தி அண்ணை.

இவர் அசையவில்லை.

"குகன்! உமக்குத்தான் சொல்லுறன்."

"அண்ணை, என்ர வோட்டு உங்கட ஆளுக்குத்தான். அதில மாற்றமில்லை. ஆனா அவ எங்கட வீட்டில சாப்பிட்ட மனுசி. முதுகைக் காட்டேலாது."

நீங்கள் இவர் ஒருவரைப் பார்த்தே முழுவதையும் பேசி முடித்தீர்கள். சத்தம் போடவில்லை. உதைத்தவர்கள் களைத்துப்போகும்வரை ஒவ்வொரு வசனத்துக்கும் இடைவெளி விட்டு, வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டு கதைப்பதுபோல் பேசினீர்கள். "என்னைத் துரோகி எண்டு சொல்றீங்க. நானும் உங்களப் போல பிளேனால இறங்கி, பயந்து பயந்து கியூவில நிண்டவதான். எனக்குப் பின்னால நிக்கிற ஆளைத் தள்ளிவிட்டுட்டு நான் எப்படி நன்றி சொல்ற?" முதுகுகளில் சில அசைந்தன. யாரும் திரும்பவில்லை.

தோற்றீர்கள். அவர்கள் பயந்த அளவுக்கு நெருங்கி வந்துதான் தோற்றீர்கள். சட்டத்தரணியின் ஆட்கள் ஆரவாரித்தார்கள். நான் உங்கள் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாங்கோ அக்கா, போவம்" என்றேன். நீங்கள் என்னைத் தாண்டி மேடைக்கு நடந்தீர்கள். வென்றவரின் கையைப் பிடித்து உயர்த்தினீர்கள். அப்போதும் ஊளையிட்டார்கள். நம்முடைய ஆட்களும் ஊளையிட்டார்கள். "இவருக்காக நான் கதவு தட்டுவன்" என்றீர்கள். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்து, "வெண்ட பிறகு இவர்ட கதவையும் தட்டுவன்."

காருக்குள் நான் உங்களைத் திட்டினேன். இவ்வளவு கேவலப்படுத்தியவர்களோடு என்ன கைகோர்ப்பு என்று அழுதேன். "நான் கட்சிய உடைக்க வந்தவ எண்டுதானே சொன்னாங்க? அத நான் உண்மையாக்கிக் குடுக்கவா?" என்றீர்கள். உங்கள் குரல் அடைத்துப் போயிருந்தது.

அன்றைக்கு இவர் எனக்கு முன்னரே வீட்டுக்கு வந்து அரிசி போட்டிருந்தார். என்னைக் கண்டதும், "அவவும் வந்து சாப்பிட்டிருக்கலாமே" என்றார். எங்கள் வீட்டில் மறுபடி கதை தொடங்கியது அப்படித்தான்.

சொன்னபடியே செய்தீர்கள். தேர்தல் அலுவலகத்தில் உங்களுக்குக் கதிரை தர மறுத்தார்கள். நீங்கள் துண்டறிக்கைகளை அள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினீர்கள். அவர் வென்றார். அடுத்த குளிரில் அதே வாசலில் அதே அட்டையோடு நின்றீர்கள். ஒருநாள் அவரே கதவைத் திறந்து உங்களை உள்ளே கூப்பிட்டார். அதற்குள் மேல்வீட்டுத் தகப்பனை நாட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள். தாயையும் மகளையும் தடுத்து நிறுத்த முடிந்தது. பாதி வெற்றி என்று நான் சொன்னேன். "பாதிக் குடும்பம்" என்று நீங்கள் திருத்தினீர்கள்.

வருத்தம் வந்து நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அந்தத் தகப்பனின் வழக்கைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் இறுதிச் சடங்குக்கு நித்தி அண்ணை வந்தார். வாசலோரம் நெடுநேரம் நின்றார். போகும்போது என்னிடம், "நல்ல மனுசி. ஆனா அவ செய்தது பிழை. நான் அதைச் சொல்லாமல் போனா அவவுக்கும் மரியாதையில்லை" என்றார். அவர் கண் சிவந்திருந்தது.

இப்போது நான் கட்சியின் தொகுதிச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன் அக்கா. நம்பமாட்டீர்கள். போன மாதம் ஒருவர் நம்முடைய இப்போதைய உறுப்பினருக்கு எதிராக வேட்பாளர் தெரிவில் நிற்க முன்வந்தார். கடை வைத்திருப்பவர், வாய்க்காரர். அகதிகளை இதுவரை எடுத்தது போதும் என்கிறார். அவர் பேச்சைக் கேட்டால் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. கூட்டத்தில் அவருக்குப் பேச நேரம் கொடுக்காமல் விட்டுவிடலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் தலையாட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. அந்தப் பழைய கூட்டம் எப்படி அவ்வளவு எளிதாக எழுந்து திரும்பி நின்றது என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு உடம்பால் விளங்கியது.

"அந்தாளும் கதைக்கட்டும். பேந்து நான் எழும்பி அந்தாளுக்கு மறுமொழி சொல்லுறன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் நித்தி அண்ணையின் ஃபோன். செய்தி எனக்கு முன்னால் அவரிடம் போய்விட்டது. வயதாகிவிட்டது அவருக்கு, குரல் தளர்ந்துவிட்டது.

"பிள்ளை, நீருமோ?" என்றார்.

"ஓம் அண்ணை. நானும்தான்."

ஃபோனை வைத்த பிறகும் என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. உங்களுக்கும் இப்படித்தான் நடுங்கியதா அக்கா? இவ்வளவு காலம் பக்கத்திலேயே நின்றும், ஒருநாளும் நான் அதைக் கேட்டதில்லை.