நீல எழுத்தில் உன் அத்தையின் பெயர்

அன்பு மகள் ப்ரியதர்ஷினிக்கு விழுப்புரத்திலிருந்து அம்மா எழுதுவது. பகவான் ஆதிநாதர் அருளால் நானும் உன் அப்பாவும் உடம்பால் சுகம், அந்தக் குளிர் ஊரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கே பேர்: நான், உன் அப்பா, திண்டிவனத்திலிருந்து வந்திருந்த உன் அத்தை அனந்தமதி, அவள் மகன் நேமிகுமார். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம், நடந்ததை வெளியார் யாரும் பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் எனக்கு இருக்கும் ஆறுதல்.

நான் தினமும் எழுதிவந்த நோட்டுகள் பதினொன்றையும் ஆராய்ச்சிக்கென்று எடுத்துப்போய், நெட்டில் ஏற்றி, வீட்டார் பார்க்க லிங்க் அனுப்பினாய் அல்லவா, நேமி அதை டிவியில் போட்டான். என் கையெழுத்தை அவ்வளவு பெரிசாகப் பார்த்ததும் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஓரத்தில் குடும்பத்தார் பெயரெல்லாம் நீல எழுத்தில். ஒரு பெயரைத் தொட்டால் அந்தப் பெயர் வருகிற வரிகள் அத்தனையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கின்றன. உன் அப்பா சாந்திராஜ் என்று தன் பெயரைத் தொடச் சொன்னார், ஒரு வரிகூட வரவில்லை. புருஷன் பெயரை நான் எங்கே எழுதினேன், அவர் அவர் என்றுதானே எழுதியிருக்கிறேன். இன்னாடி இது, முப்பத்திரண்டு வருஷமா இந்த ஊட்ல நான் இல்லவே இல்லையா என்று அவர் கேட்க, எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடுதான் உன் அத்தை, என் பேரைத் தொடுடா, அண்ணி என்னைப் பத்தி இன்னா எழுதிக்கினு இருந்தாங்கன்னு பாக்கலாம் என்றாள்.

முப்பத்தொரு வரி வந்தது. அனந்தமதி வந்தாள், தயிர் இருந்தும் இல்லை என்றேன். அனந்தமதி போன் செய்தாள், குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். அனந்தமதியின் பட்டுப்புடவையைப் பார்த்து வயிறு எரிந்தேன். நேமி சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவன் நான்காவது வரியில் குரலை இறக்கினான். நிறுத்தாத, படி என்றாள் அவள். கடைசி வரை படிக்க வைத்துக் கேட்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, பஸ் கூட்டமாயிடும், ஜல்தி கெளம்புடா என்றாள். காபிகூடக் குடிக்கவில்லை.

ப்ரியா, அந்த வரிகள் எதற்கு எழுதியவை என்று உனக்குத் தெரியும். பக்கத்தின் மேலே பால், அரிசி, நோன்பு, வந்து போனவர்கள். அடியில் அன்று மனசாலும் வாயாலும் நான் செய்த குற்றம். விளக்கேற்றும்போது அதை பகவானிடம் வாய்விட்டுச் சொல்வேன், அவரிடம் சொல்லும்போது ஆளின் முழுப்பெயரைத்தானே சொல்ல வேண்டும், அதனால் அங்கே மட்டும் அனந்தமதி. மேலே எழுதும்போது அவள் எனக்குச் சின்னவள். சின்னவளுக்கு மல்லாட்டை வறுத்து வெல்லப்பாகில் உருண்டை பிடித்துக் கொடுத்தனுப்பியது, அவள் வீட்டுக்காரர் தவறிப்போனபோது சின்னவளோடு நாற்பது நாள் படுத்து எழுந்தது, எல்லாம் அதே நோட்டில்தான் இருக்கிறது. நீ நீலமாக்கியது பெயரை மட்டும். என் குற்றங்கள் பூராவும் வந்தன, சின்னவள் ஒரு இடத்திலும் வரவில்லை.

வாசிக்கிறவர் தன் வழியைத் தானே போட்டுக்கொள்வார், எழுதினவர் கையைப் பிடித்து நிறுத்த முடியாது, அதுதாம்மா மீயுரை, ஹைப்பர்டெக்ஸ்ட் என்று போன லீவில் நீ சொன்னபோது நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே தலையாட்டினேன். இப்போது புரிகிறது. என் நோட்டில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே எட்டு மாதம் இருக்கும், அதற்குள் அவள் பத்து தடவை வந்து சாப்பிட்டுப் போயிருப்பாள். நீ செய்ததில் அந்த எட்டு மாதம் இல்லை. நீ ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை, எனக்குத் தெரியும், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாயே, அதுவும் எழுதியதுதான் கண்ணு. அப்படி ஒரு பக்கத்தை நான் எழுதவே இல்லை, இல்லை என்று சொல்லவும் எனக்கு வாயில்லை, ஒவ்வொரு வரியும் என் கை.

புதன்கிழமை இட்லியும் பொடியும் கட்டிக்கொண்டு திண்டிவனம் போனேன். வாங்க அண்ணி என்று உட்கார வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. வருகிற பதினெட்டாம் தேதி பாண்டிச்சேரியில் அவளுக்குப் பித்தப்பை ஆபரேஷன், இத்தனை வருஷமும் ஆஸ்பத்திரி என்றால் நான்தான் கூட இருப்பேன். பக்கத்து வீட்டு இருதயமேரி வர்றேன்னு சொல்லிட்டாங்க, உங்களுக்கு ஏன் செரமம் என்றாள். வருஷாவருஷம் பருவ நோன்பு முடிகிற அன்று ஒருத்தர்கிட்ட ஒருத்தர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோமே அனந்தமதி, இந்தக் குற்றமெல்லாம் அதில் சேர்ந்ததுதானே என்றேன். பேசிக்கொண்டிருந்த பதற்றத்தில் வாயில் முழுப்பெயர் வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்து, அப்பல்லாம் எதுக்குன்னு தெரியாம மன்னிச்சேன் அண்ணி, இப்ப எதுக்குன்னு தெரிஞ்சிபோச்சி என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தை எடுத்துவிடட்டுமா என்று போனில் கேட்டாய். எடுத்தால் மறைத்துவிட்டார்கள் என்பாள். சின்னவள் வரிகளையும் சேர்க்கிறேன் என்றாய். சேர்த்தால் இப்போது உட்கார்ந்து எழுதிச் சேர்த்தது என்பாள். நோட்டையே கொண்டுபோய் அவள் மடியில் வைக்கலாம் என்றால் அது உன்னிடம் இருக்கிறது. உன் அப்பா, தானா சரியாயிடும் வுடு என்கிறார்.

இதை அவர் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவார், இதில் எந்த வார்த்தையையும் நீலமாக்காதே. குளிருக்குக் காதைக் கட்டிக்கொள், அஷ்டமி நோன்பை முடிந்தால் விடாதே, முடியாவிட்டால் பாலாவது குடி. நோயில்லாமல் நீண்ட ஆயுளோடு, நல்ல மனசோடு இருக்க ஆசீர்வாதம். நோட்டுகளைப் பார்சலில் போட்டால் பதினெட்டாம் தேதிக்குள் வந்து சேருமா, சேராதா என்று மட்டும் சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா
பிரபாவதி