கோம்பை ஊர்வலத்தில் கொதித்த வண்டி

நான் திட்டும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே இருந்த என் அன்பு மச்சானுக்கு,

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, உங்களுக்கே தெரியும். உங்கள் காரை நான் கெடுத்துவிட்டேன். நீங்கள் காய்ச்சலில் கண்ணை மூடி ஒரு வருஷம்கூட முடியவில்லை, அதற்குள் இஞ்சினை வெடிக்க வைத்துவிட்டேன். என் அக்காவுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு வண்டிதான். ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். சகுனத் தடை என்கிறார் ஒருவர், கண்ணேறு என்கிறார் இன்னொருவர். ஒரு மண்ணும் இல்லை. நான்தான் காரணம். இதை நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும்.

போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குக் கிளம்பும்போது தள்ளிவிட்டுப் போன கிழட்டு வண்டி அது. அதை வாங்கித் தேனிக்கும் கம்பத்துக்கும் நீங்கள் வாடகைக்கு ஓட்டினீர்கள். ஆள் பிடிப்பதும் மூட்டை கட்டுவதும் என் பாடு. வீரபாண்டி ஆற்றங்கரை வந்தால் நிறுத்துவீர்கள். சின்னமனூர் தாண்டினால் மறுபடி நிறுத்துவீர்கள். சூடு ஆறட்டும் என்று இஞ்சின் மூடியைத் தூக்கி வைத்துவிட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்து சாவகாசமாக வெற்றிலை போடுவீர்கள். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். எனக்கு மானம் போகும்.

"நடந்து போறவன்லாம் நமக்கு முன்னாடி போறான் மச்சான்" என்று ஒருநாள் கத்தினேன். நீங்கள் எச்சிலைத் துப்பிவிட்டு, "போகட்டும் மாப்ள, அவன் காலு கொதிக்காதுல்ல" என்றீர்கள். வண்டியில் இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. என்ன திமிர் எனக்கு!

ஆவி அடங்காமல் ரேடியேட்டர் மூடியில் நீங்கள் கை வைத்ததில்லை. கொதிக்கிற இஞ்சினுக்குப் பச்சைத்தண்ணீர் காட்டியதும் இல்லை. சூடேறிய இரும்பில் சில்லென்று தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இந்த நெஞ்சு இப்படிக் கிடந்து அடித்துக்கொள்ளாது.

நீங்கள் போன பிறகு வண்டியை நான்தான் ஓட்டினேன். கோம்பையில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி கேட்டு வந்தார்கள். நீங்கள் எந்தக் காலத்திலும் ஊர்வலத்துக்கு வண்டி விட்டதில்லை. ஆமை மாதிரி ஊர்ந்தால் இஞ்சினுக்குக் காற்றுக் கிடைக்காது என்று தட்டிக் கழித்துவிடுவீர்கள். நான் கேட்ட மாத்திரத்தில் சரி என்றேன்.

அவர்களே வண்டியைச் சிங்காரித்தார்கள். இரண்டு பக்கமும் வாழைக்கன்று. முகப்பு முழுக்க மாவிலைத் தோரணம், அதன்மேல் தொடை கனத்துக்குச் செவ்வந்தி மாலைகள், அதற்கும் மேலே ஒரு பட்டு வேட்டி. ரேடியேட்டர் இருக்கிற இடமே கண்ணுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் தள்ளி நின்று பார்த்து, தேர் மாதிரி இருக்கிறது என்று பூரித்துப்போனார். நீங்களாக இருந்தால், "கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முகப்பில் இருந்த அத்தனையையும் அறுத்து இறக்கியிருப்பீர்கள். நான் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன்.

பொழுது சாய்கிற நேரம் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் மேளமும் நாயனமும். ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று வாசித்தார்கள். பின்சீட்டில் மாப்பிள்ளை, முன்சீட்டில் நான். மச்சான், உண்மையைச் சொல்கிறேன், மாப்பிள்ளையைவிட நான்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் மூட்டை கட்டிக்கொண்டிருந்த குருசாமியைத் தெருவே திரும்பிப் பார்க்கிறது அல்லவா?

இரண்டாம் தெருவிலேயே இஞ்சின் காய்கிற வாடை வந்துவிட்டது. மூன்றாம் தெருவில் மாலைகளுக்கு நடுவே புகை மாதிரி ஆவி கிளம்பியது. சாம்பிராணி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்போதாவது இறங்கியிருக்கலாம். இன்னும் ஒரு தெருதானே என்று ஓட்டினேன். எதற்காக ஓட்டினேன்? இறங்கி நின்றால் ஊர் சிரிக்கும் என்றுதான். வேறு ஒரு காரணமும் கிடையாது.

பெண் வீட்டுக்கு நாலு வீடு முன்னால் வண்டி இருமிவிட்டு நின்றது. நாயனம் நின்றுபோனது. தாய்மாமன் ஓடிவந்து, "என்னப்பா, நல்ல காரியத்துல வண்டி நிக்குது? கிளப்பு, கிளப்பு" என்று ஜன்னலைத் தட்டினார். எனக்குப் புத்தி கலங்கிவிட்டது. துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். ஆவி சீறி முழங்கை வரை வெந்தது. அது கிடக்கட்டும். பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளையை எதிர்கொள்ள ஒரு பெண்பிள்ளை நிறைகுடத்தோடு நின்றது. ஓடிப்போய் அந்தக் குடத்தைப் பிடுங்கி வந்தேன் மச்சான். அப்போதுதான் கிணற்றில் மொண்ட தண்ணீர். முழுக்குடத்தையும் ஊற்றினேன்.

உள்ளே பாறை வெடித்தது போல் ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஊற்றிய தண்ணீரெல்லாம் வண்டிக்கு அடியில் வழிந்து தெருவில் ஓடியது. மாப்பிள்ளை இறங்கி நடந்து போனார். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் உழவு மாடு இரண்டைப் பூட்டிக் கோம்பையிலிருந்து உத்தமபாளையத்து வீட்டுக்கு இழுத்து வந்தேன். அக்கா வெளியே வந்து வண்டியைப் பார்த்தது. என் கையைப் பார்த்தது. முகப்பில் வாடிக் கிடந்த மாலைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் குப்பையில் போட்டது. நாலு அறை அறைந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

தேனியிலிருந்து மெக்கானிக் வந்தார். விரிசல்மேல் தகடு வைத்து அடைக்கலாம், ஆனால் முன்னைவிடச் சீக்கிரம் கொதிக்கும் என்றார். மதுரையில் நொறுங்கிப்போன கார் ஒன்றின் இஞ்சின் கிடக்கிறதாம். அதை மாற்றிவிட்டால் கம்பம் வரை நிற்காமல் ஓடுமாம். எனக்கு உயிர் வந்தது. என் பங்குப் புஞ்சையை விற்றாவது அதை வாங்கிவிடலாம் என்று துள்ளினேன்.

கதவோரம் நின்ற அக்கா கேட்டது: "ஏலே, வேற இஞ்சின் போட்டா இதே சத்தம் வருமா?"

எனக்குப் புரியவில்லை. சத்தத்தில் என்ன இருக்கிறது என்றேன்.

"சாயங்காலம் வண்டி தெரு திரும்புறப்ப அவுக வர்றாகன்னு எந்திரிச்சுருவேன்லே. வர்றது நீதான்னு தெரியும். தெரிஞ்சும் அடுப்புல வெந்நி ஏத்திருவேன். அந்த ஒரு நிமிசந்தான் எனக்கு. அதுவும் இல்லாட்டி என்னலே செய்வேன்?"

மச்சான், தினமும் அந்த வெந்நீரில் குளித்தவன் நான். தம்பி அலுத்து வருகிறான் என்று எனக்காக வைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டி போனால் சோறு போகும் என்பது வரைக்கும்தான் என் மூளைக்கு எட்டியது. ஒரு தடவை காய்ச்சல் கொண்டுபோன உங்களை இரண்டாம் தடவை நான் சாகடித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

புது இஞ்சின் வேண்டாம், தகடே வையுங்கள் என்று மெக்கானிக்கின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். வைத்துக் கொடுத்தார். நேற்றுச் சாயங்காலம் சாமி கும்பிட்டுவிட்டு ஓட்டி வந்தேன். தெரு திரும்பும்போது என் நெஞ்சு அடித்த அடியில் இஞ்சின் சத்தமே எனக்குக் கேட்கவில்லை. அக்கா வாசலுக்கு வந்தது. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டது.

"மாறிப்போச்சுலே" என்றது. உள்ளே போய்விட்டது.

நேற்று வெந்நீர் இல்லை மச்சான். பச்சைத்தண்ணீரில் குளித்தேன்.

இனி என்னால் ஆகக்கூடியது ஒன்றுதான். அந்த வீட்டு அடுப்பு ஒருநாளும் அணையாது, அதற்கு நான் ஆச்சு. எவர் முணுமுணுத்தாலும் சரி, எந்தப் பெரிய வீட்டு ஊர்வலமானாலும் சரி, வண்டி கொதித்தால் இறங்கி நிற்பேன். சாயங்காலம் ஆனால் அந்தத் தெருவில் வண்டியைத் திருப்புவேன். அக்கா எழுந்து வராவிட்டாலும் திருப்புவேன்.

உங்கள் பெண்டாட்டியோடு கூடப்பிறந்து, உங்களிடம் பாதிகூடக் கற்காத மாப்ள,
குருசாமி