தெய்வப் பெயர் எழுதாத ஓலை

வெண்கரை நாட்டின் தனிக்குடை வேந்தரும், ஏழு துறைகளுக்குக் காவலரும், எல்லைப் பாசறையில் எழுந்தருளியிருப்பவருமாகிய பெருமான் மாவேழக்கோவின் திருமுன்னர், தலைநகராம் நெடுந்துறையின் முறைமன்றத்து ஓலை எழுதுவோன் கீரன் சேந்தன் தாழ்ந்து விடுக்கும் ஓலை. வேந்தர் வாழ்க. பாசறை வீரர் நோயின்றி வாழ்க. தலைநகரில் மழை குறைவில்லை, நெல் நன்று. நலம் இவ்வளவே, இனி எழுதப்போவது நலமன்று.

இவ்வோலையின் தலைப்பில் இரு விரல் அகலம் வெறுமையாய் விடப்பட்டிருப்பதை வேந்தர் காண்பார். தெய்வப் பெயர் எழுதும் இடம் அது. மறந்து விட்டதன்று. ஓலை பொதுச்சாலை வழியே வந்து சாவடிதோறும் உரக்கப் படிக்கப்படும் ஆதலால், வேந்தரின் புது ஆணைக்கு அஞ்சி விடப்பட்டது.

மன்றத் தலைவர் ஆதன் நிலவனார் தம் கையால் எழுதாமல் இவ்வெளியவன் எழுதுவதற்கும் காரணம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் அரியணைக்கு நேரே எழுதலாகாது என்பது நம் வழக்கம். தலைவர் மீது நேற்று குற்றம் சாட்டப்பட்டது. ஒரு தீர்ப்பை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவர், இவ்வோலையில் நான்கு வரி சொல்வதற்குள் எழுந்து எழுந்து பலகணி அருகே போய் நிற்கிறார். விரலில் உள்ள முத்திரை மோதிரத்தைத் திருகியபடியே இருக்கிறார். அவருக்குப் பயமாக இருக்கிறது. அதை மறைக்காமல் எழுதும்படி அவரே சொன்னார்.

நடந்தது இது. அரசக் களஞ்சியம் எரிந்ததை வேந்தர் அறிவார். தீ வைத்தவன் என்று ஓடக்காரன் தும்பன் பிடிபட்டான். வருகிற அமாவாசை விடியலில் அவனுக்குக் கழு. களஞ்சியம் எரிந்த வேளையில் தான் ஆற்றின் நடுவில் இருந்ததாகவும், சுண்ணாம்புக்காரி வெள்ளையம்மை தன் மூட்டைகளோடு ஓடத்தில் இருந்ததாகவும், வேறு எவரும் இல்லையென்றும் அவன் முறையிட்டான். அவள் அழைக்கப்பட்டாள்.

பெயரை விடுத்துக் குறிப்பால் சொன்னால், தும்பன் வணங்குவது குன்றத்து இறைவனை. வெள்ளையம்மை வணங்குவது கரைமேல் ஆத்தாளை. சென்ற திருவிழாவில் இவ்விரு கூட்டமும் அடித்துக்கொண்டு ஒன்பது பேர் மாண்டதனால்தான், மன்றிலும் சாலையிலும் துறையிலும் எவரும் தெய்வப் பெயர் உரைத்தலும் சமயக்குறி அணிதலும் கூடாது, மீறினால் நாடு கடத்தல், அவரவர் இல்லத்துள் அவரவர் விருப்பம் என்று வேந்தர் ஆணையிட்டார். அன்று தும்பனின் கூட்டத்தார் எறிந்த கல் பட்ட வடு வெள்ளையம்மையின் நெற்றியில் இன்றும் இருக்கிறது. அவனுக்காகப் பொய் சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

ஆனால் சாட்சி சொல்லுமுன் தெய்வத்தின் மேல் ஆணையிட வேண்டும், இடாத சாட்சி சாட்சியன்று என்பது வேந்தரின் பாட்டனார் விதித்த விதி. மன்றத்தின் ஒரு தூணில் அது வெட்டப்பட்டிருக்கிறது. எதிர்த்தூணில் வேந்தரின் புது ஆணை. இரண்டு தூணுக்கும் நடுவே அந்தப் பெண் நின்றாள். வேந்தரின் செங்கோல் மேல் ஆணையிட்டுச் சொல்லலாமே என்று தலைவர் கனிவாகவே கேட்டார். சாட்சி சொல்லை மாற்றாமல் எழுதுவது மன்ற முறை ஆதலால், அவள் சொன்னது சொன்னபடியே எழுதப்படுகிறது:

“ராசா நல்லா இருக்கட்டுஞ் சாமி. ஆனா அந்த நேரம் ராசா ஆத்துல இல்லீங்களே. ஆத்தா இருந்தா. பாத்தவ பேரைச் சொல்லாம பாக்காதவுக பேரைச் சொன்னா, நான் சொல்றது எனக்கே நெசமாத் தெரியாது.”

அவையோரில் சிலர் சிரித்தனர். தலைவர் சிரிக்கவில்லை. இல்லத்துள் அவரவர் விருப்பம் என்ற வேந்தரின் சொல்லையே பற்றிக்கொண்டு, மறுநாள் அவர் சுண்ணாம்புக் காளவாய் ஓரத்தில் உள்ள அவள் குடிசைக்கு நடந்தே போனார். மன்றக்கோலை ஊன்றிவிட்டு, வெந்த சங்கின் வாடை அடிக்கும் மண்தரையில் அமர்ந்தார். அவள் தன் தலைமேல் கை வைத்து, ஆத்தாள் பெயரைச் சொல்லி, தும்பன் தன்னோடு ஓடத்தில் இருந்தான் என்றாள். ஆற்றின் நடுவில் இருந்தபடி இருவருமாகவே புகை எழுவதைப் பார்த்ததாகவும் சொன்னாள். உடன் சென்றிருந்த இவ்வெழுதுவோன் அதை எழுதினான். தலைவர் முகத்தில் பல நாளுக்குப் பின் தெளிவு வந்தது. அது குடிசை வாசல் வரைதான் நிலைத்தது.

வாசலில் நகர்காப்பாளர் கொற்றனார் நின்றார். மன்றக்கோல் ஊன்றிய இடமே மன்றம், மன்றம் பொது இடம், ஆகவே பெயரைச் சொன்ன பெண்ணும் சொல்லவைத்த தலைவரும் ஆணையை மீறினர் என்றார். அவர் தீயவர் அல்லர். திருவிழாவில் மாண்டவர்களில் ஒருவன் அவர் தம்பி. இன்னொரு தாய்க்கு அந்த நிலை வரக்கூடாது என்றே ஆணையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். வெள்ளையம்மை இப்போது சிறையில் இருக்கிறாள். அடுத்த அறையில் தும்பன்.

மன்றக்கோலை ஏன் எடுத்துப்போனோம் என்று தலைவர் தம்மையே நொந்துகொள்கிறார். கோல் இல்லாமல் போயிருந்தால் அது வெறும் பேச்சு, தும்பனைக் காக்காது. கோலோடு போனதால் அது சாட்சி, ஆனால் சொன்னவளைக் கெடுத்தது. குடிசை மன்றமா, இல்லமா? மன்றமென்றால் வெள்ளையம்மை ஊரைவிட்டுப் போக வேண்டும். இல்லமென்றால் தும்பன் சாக வேண்டும். எப்படிப் புரட்டினாலும் குற்றமற்ற ஒருவர் கெடுகிறார் என்றார் தலைவர். பிறகு, மனத்தில் உள்ளதை வாயால் சொல்லும் உரிமையைப் பறித்துவிட்டு மெய்யைச் சொல் என்று கேட்பது முறையாகுமா என்று வேந்தரிடம் கேட்கும்படி பணித்தார்.

ஆதலால் தலைவர் வேண்டுவது: ஓலைத் தலைப்பில் விட்ட இடத்தில் வேந்தர் தம் திருக்கையால் ஏதேனும் ஒரு தெய்வத்தின் பெயரை எழுதி அனுப்பினால், புது ஆணை நீங்கிற்று என்று கொள்ளப்பட்டு இருவரும் விடுபடுவர். இடம் வெறுமையாகவே திரும்பினால், தலைவர் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளையம்மையோடு எல்லை கடப்பார். விடுதலை எழுதி முத்திரை வைக்கத் தலைவர் இல்லாமற்போவதால், தும்பனை எவராலும் காக்க இயலாது.

அதுவரை சிறையில் உள்ள இருவர் மேலும் காவலர் கை வைக்கலாகாது. சாவடிக்காரர் இவ்வோலை கொண்டுவரும் குதிரையை ஒரு நாழிகையும் நிறுத்தலாகாது. இவை மன்றத்தின் ஆணை. தலைவர் மோதிரத்தால் முத்திரை வைத்தது. வேந்தர் விரைந்து அருள்க.

முத்திரைக்குக் கீழே எழுதுவோன் தானாகச் சேர்க்கும் வரிகள் இவை. பிழையாயின் தண்டனை அவனுக்கே. குதிரை வாயிலில் ஆயத்தமாக நிற்கிறது. நகர்காப்பாளர் கொற்றனார் தாமே வந்து சேணத்தை இறுக்கினார். பட்டையை இழுத்துக் கட்டும்போது, தூதன் நலமாய்ப் போய்வர வேண்டி, பழக்கத்தில் தம் தெய்வத்தின் பெயரை வாய்விட்டுச் சொன்னார். சொன்னது அவருக்கே தெரியவில்லை. நடுத்தெருவில் இருபது பேர் கேட்டோம். எவரும் அவரைப் பிடிக்கவில்லை.