பரணில் கம்பளி (அனுமானம்)

நவம்பர் 4, செவ்வாய்

பதினாறாம் எண் வீட்டின் வெப்பச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதாம். பத்து வருடம் எப்படிப் போனது? வீடு எவ்வளவு சூடு காக்கிறதென்று அளக்க நாளை ஆள் வருகிறார். எனக்கென்ன பயம். ஜன்னலுக்கெல்லாம் இரட்டைக் கண்ணாடி. கூரை வழியாகச் சூடு போகாமல் பரணில் விரிக்கும் கண்ணாடி இழைக் கம்பளி, 1991-இல் நானே கைப்பட விரித்தது. போன தடவை வந்தவர் என் டீயைக் குடித்துவிட்டு, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். மனிதர் என்றால் அவர்.

ஐலீனிடம் சொல்வதற்காகச் சுவரை இரண்டு தட்டு தட்டினேன். இரண்டு தட்டு என்றால் டீ; தட்டியவர் வீட்டில். சுவருக்கு அந்தப் பக்கம், என் பதினாறாம் எண்ணில், பதினொரு வருடமாக வாடகைக்கு இருக்கிறாள். பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று முந்நூறு பிள்ளைகளை அடக்கிய வாய்.

"பரண்ல கம்பளி இருக்குன்னு பதினொரு வருஷமா சொல்றீங்க, வீட்டுக்காரரே. அப்புறம் எதுக்கு நான் தொப்பி போட்டுக்கிட்டுத் தூங்கறேன்?"

"உங்க உடம்பு வாகு அப்படி," என்றேன்.

நவம்பர் 5

வந்தவர் பெயர் ஃபைசல். பிராட்ஃபோர்டுக்காரர். நல்ல மரியாதை, ஆனால் டீ வேண்டாமாம். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பரண் கதவு ஐலீன் படுக்கையறைக் கூரையில், துணி அலமாரிக்கு நேர் மேலே. எத்தனையோ தடவை வெள்ளை அடித்ததில் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. திறக்கவில்லை. அவர் கையில் இருந்த கருவியில் எழுதிக்கொண்டார்: 'கம்பளி இல்லை (அனுமானம்).'

"தம்பி, நானே போட்டதுன்னு சொல்றேனே."

"கண்ணால பார்க்கணும் அங்கிள். பார்க்க முடியலைன்னா இல்லைன்னுதான் அனுமானிக்கணும். விதி."

குளியலறை பல்பைக்கூட விடாமல் எண்ணினார். முப்பத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவன் வார்த்தைக்கு மதிப்பில்லை.

நவம்பர் 11

சான்றிதழில் தரம் 'எஃப்' வந்திருக்கிறது. முப்பத்தாறு மதிப்பெண். 'இ' வாங்க முப்பத்தொன்பது வேண்டும். 'இ' இல்லாத வீட்டை வாடகைக்கு விடக் கூடாது.

ஐலீன் காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "ஸ்கார்பரோவுல என் தங்கச்சி வீட்டு மாடி அறை காலியாத்தான் கிடக்கு. ஜன்னலைத் திறந்தா கடலாம்."

"கடல்ல பார்க்க என்ன இருக்கு? தண்ணி," என்றேன்.

போனால் போகட்டும். எனக்கென்ன? – எனக்கென்னவா? ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சியும் குழம்பும் யார் தருவா? அதைக்கூட விடு. நான் யாரோட சண்டை போடறது?

நவம்பர் 12

கவுன்சிலில் இலவசக் கம்பளித் திட்டம் ஒன்று இருக்கிறதென்று தொலைபேசியில் கூப்பிட்டேன். அந்தப் பெண் பழைய பதிவைத் தேடினாள். "உங்களுக்கு 1991-லேயே எட்டுச் சுருள் கொடுத்தாச்சு சார். விரிச்சு முடிச்சுட்டேன்னு உங்க கையெழுத்து இருக்கு. மறுபடி கிடைக்காது."

கிடைக்காவிட்டால் போகட்டும். நான் சொன்னது உண்மை என்று அரசாங்கமே சொல்லிவிட்டதல்லவா? ஐலீனிடம் இதை மூன்று தடவை சொன்னேன். இனிப் பரண் கதவைத் திறந்து காட்டினால் போதும்.

நவம்பர் 14

இதை எழுதவே கை கூசுகிறது.

இரண்டு பேரும் சேர்ந்து அலமாரியைத் தள்ளினோம். உளியால் வெள்ளையைக் கீறிக் கதவைத் திறந்து தலையை நுழைத்தேன். கீழே ஐலீன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எட்டுச் சுருள்கள். பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபடி. மேலே என் பச்சை ஃபிளாஸ்க்.

அப்போதுதான் நினைவு வந்தது. அது ஒரு சனிக்கிழமை. தொலைக்காட்சியில் ரக்பி இறுதி ஆட்டம். அரை மணியில் திரும்ப ஏறிவிடலாம் என்று இறங்கினேன். இன்றுதான் ஏறியிருக்கிறேன். கையெழுத்தை மட்டும் திங்கட்கிழமையே போட்டிருக்கிறேன். அந்த ஃபிளாஸ்க்கை மைத்துனன் சிரில் திருடிவிட்டான் என்று சொல்லி, அவன் சாகும்வரை சந்தேகக் கண்ணாலேயே பார்த்தேன்.

"இருக்கா?" என்று கீழிருந்து குரல்.

"இருக்கு."

"எப்படி இருக்கு?"

"புத்தம் புதுசா இருக்கு."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

நவம்பர் 15

சுருட்டி வைத்திருந்தாலும் கம்பளி கம்பளிதானே? இல்லை. தெரியும்.

நவம்பர் 18, செவ்வாய்

செவ்வாய் மதியம் ஐலீன் பிங்கோ என்கிற எண் விளையாட்டுக்குப் போவாள். மூன்று மணி நேரம். அதற்குள் விரித்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? மாற்றுச் சாவியால் திறந்துகொண்டு ஏறினேன். திருட்டுத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

முதல் சுருளை விரித்தேன். இரண்டாவதை விரித்தேன். மூன்றாவதைத் தூக்கும்போது கால் உத்திரக் கட்டையை விட்டு நழுவி, கூரை அட்டையை உடைத்துக்கொண்டு தொடைவரை கீழே இறங்கிவிட்டது. மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. செருப்பு எங்கோ விழுந்த சத்தம் கேட்டது.

பிங்கோ மண்டபத்தில் கொதிகலன் பழுதாம், ஆட்டம் ரத்து. இன்றைக்குப் பார்த்தா?

படியேறி வரும் சத்தம். அறைக் கதவு திறந்தது. பிறகு குரல்:

"வீட்டுக்காரரே, அது உங்க கால்தானே?"

"ஆமா."

"என் கட்டிலுக்கு மேல என்ன பண்ணுது?"

சொன்னேன். தொங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ரக்பியைக்கூட. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. "பதினொரு குளிர்காலம், வில்ஃப்," என்றாள். அவ்வளவுதான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. பிறகு தீயணைப்புக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை வாசலில் போய் நின்றுகொண்டாள்.

நவம்பர் 19

சுவரில் தட்டு இல்லை.

நவம்பர் 20

நான் தட்டினேன். இரண்டு. பிறகு இரண்டு. பதில் இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் தொப்பி போட்டுத் தூங்கினாள், நான் உடம்பு வாகு என்றேன். என்ன மனுஷன்டா நீ?

நவம்பர் 22

கவுன்சிலுக்குக் கடிதம் எழுதி, நகலை ஐலீன் கதவிடுக்கில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் சிவப்புப் பேனாவும் கையுமாக வந்து நின்றாள்.

"'கம்பளி விரிக்கப்படவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க. யாரால?"

"என்னால."

"அப்ப அதை எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினேன்: 'நான் விரிக்கவில்லை.' மூன்று வார்த்தைகூட இல்லை, வியர்த்துவிட்டது.

"ஸ்கார்பரோ?" என்று கேட்டேன்.

"முதல்ல பரண்," என்றாள்.

நவம்பர் 25

கூரை அட்டையை ஒட்டினார்கள். ஐலீனே பரணில் ஏறினாள். எனக்கு அங்கே அனுமதி இல்லை. நான் ஏணியில் நின்று சுருள் சுருளாக எடுத்துக் கொடுத்தேன். பிங்கோவுக்குப் போகவில்லை. "சீக்கிரம் கொடுங்க, ரக்பி ஆரம்பிச்சுடப் போகுது," என்று ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு தடவை சொன்னாள். எண்ணினேன், ஆறு. பட்டுத்தான் ஆக வேண்டும்.

டிசம்பர் 3

ஃபைசல் பரணுக்குள் தலையை நுழைத்துப் படமெடுத்தார். நாற்பத்திரண்டு மதிப்பெண். 'இ'. பரண் வரியில் இப்போது 'அனுமானம்' இல்லை.

போகிறவரை ஐலீன் விடவில்லை. "அப்படியே இவர் வீட்டையும் பாருங்க தம்பி." பார்த்தார். 'ஜி'. அதற்குக் கீழே எழுத்தே கிடையாதாம்.

"சட்டம் ஒண்ணும் பண்ணாதா?" என்று கேட்டாள்.

"சொந்த வீட்டுல அவர் எப்படி இருந்தாலும் அவர் இஷ்டம் ஆன்ட்டி."

"அது சரி," என்றாள், என் கோட்டையும் மஃப்ளரையும் பார்த்துக்கொண்டே.

டிசம்பர் 7

ஐலீன் வீட்டு நடையில் பெரிய பெட்டி. கதவு திறந்திருந்தபோது பார்த்தேன். நீலப் பெட்டி, வார் போட்டுக் கட்டியது. சான்றிதழ் வந்தும் கிளம்புகிறாள். பதினொரு குளிர்காலத்தை யார் மன்னிப்பார்கள்? கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

டிசம்பர் 8

மதியம் சுவரில் இரண்டு தட்டு. விடைபெறத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டே போனேன். பெட்டி அங்கேயே இருந்தது. டீ சூடாக இருந்தது. அறை அதைவிட. அவள் தலையில் தொப்பி இல்லை. முடி இவ்வளவு நரைத்திருப்பது எனக்குத் தெரியாது.

"எப்போ கிளம்பறீங்க?" என்று கேட்டேன்.

"எங்கே?"

பெட்டியைக் காட்டினேன்.

"அதுவா? அலமாரி மேல இருந்தது. பரண் வழியை மறைக்காதீங்கன்னு அந்தத் தம்பி சொன்னாரு. வைக்க இடமில்லாம நடையில கிடக்கு. உங்க வீட்டுல இடம் இருந்தா எடுத்துட்டுப் போங்க." பிறகு, "கோட்டைக் கழட்டிட்டு உட்காருங்க, வில்ஃப். பார்க்கவே குளிருது," என்றாள்.

கழற்றினேன். இதை அவள் மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எதிரே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு, நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்கிறாள்.

பதினாறாம் எண்: ஐலீன் இருக்கிறாள். (கண்ணால் பார்த்தது.)