அருமைநாதன் அண்ணையிட்ட இருக்கிற எஞ்சின்

யேசு மரி சூசை

சென்ட் லோரன்ட், மொன்றியல்
13.09.2009, ஞாயிறு

அன்புள்ள அருமைநாதன் அண்ணைக்கு,

அன்டனின்ர மனுசி அக்னெஸ் எழுதுறது. இங்க எல்லாரும் சுகம் எண்டு எழுதினால் அது பொய். அதால அந்த வரியை விட்டிட்டுத் தொடங்குறன். நீங்களும் சர்மிளாவும் பிள்ளையளும் சுகமா இருக்கவேணும் எண்டு மாதாவைக் கேட்டுக்கொண்டுதான் பேனையை எடுத்தனான்.

மூண்டு தரம் போன் எடுத்தன். நீங்கள் வீட்டில இல்லையெண்டு சர்மிளா சொன்னா. மூண்டாந்தரம் பின்னால நீங்கள் இருமினது எனக்குக் கேட்டது. பரவாயில்லை. றிகோக் கோயில் மாதா திருநாளிலயும் எங்களைக் கண்டிட்டு மெழுகுதிரி விக்கிற பக்கம் திரும்பினீங்கள். ஐஞ்சு வருசக் கோபம், இருக்கத்தான் செய்யும். ஆனா இதைக் கிழிக்காமல் கடைசிவரைக்கும் வாசியுங்கோ. இவருக்குத் தெரியாமல் எழுதி, பூசை முடிய ரொறன்ரோ திரும்பிற சிவநேசம் அக்காவிட்டக் குடுத்து விடுறன்.

என்ர தங்கச்சி றொசானாவை நீங்கள் நேரில கண்டதில்லை. எங்கட கலியாணப் படத்தில பூக்கூடையோட நிக்கிறவள். இப்ப இருபத்தொரு வயசு. அம்மா மே மாதம் செல்லடியில செத்துப்போயிட்டா. இவள் உயிரோட தப்பி வந்து, செட்டிகுளம் முகாமில முள்ளுக்கம்பிக்குள்ள இருக்கிறாள். தண்ணிக்கு வரிசை, சோத்துக்கு வரிசை, அதெல்லாம் போகட்டும். கடைசி நேரம் அவளைப் பங்கருக்குள்ள இருந்து இழுத்துக்கொண்டு போய் இயக்கத்தில ரெண்டு மாதம் வச்சிருந்தவை. இப்ப முகாமுக்குள்ள, இயக்கத்தில இருந்த ஆக்களைக் காட்டிக்குடுக்கிறவை வந்து, பேர் வாசிச்சுக் கூட்டிக்கொண்டு போகினமாம். போன கிழமை பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளையைக் கொண்டுபோனது, இன்னும் வரேல்லை. அவளை வெளியில எடுத்துக் கொழும்பால ஏத்திவிட ஒராள் இருக்கிறார். இந்த மாதம் முடியிறதுக்குள்ள காசு வேணுமாம். பேந்து முகாமில இருக்கிற அவற்ற ஆளை அங்கயிருந்து மாத்திப்போடுவினமாம்.

இவருக்கு மாசி மாதமே பக்டரியில வேலை போயிட்டுது. வங்கியில கேட்டம், வேலையில்லாத ஆளுக்குக் கடனில்லையாம். விக்கிறதுக்கு எண்டு எங்களிட்ட மிஞ்சியிருக்கிறது அந்தக் கார் ஒண்டுதான்.

இல்-பிசாரில இருந்த கிழவன் உங்களுக்கும் இவருக்கும் சேர்த்துத் தந்த அறுபத்தெட்டாம் ஆண்டுப் பொண்டியாக் பயர்பேர்ட். ஞாயிற்றுக்கிழமையில அதுக்குக் கீழ போய்ப் படுத்தால் சாப்பாட்டுக்குத்தானே ரெண்டு பேரும் வெளியில வருவியள். வாற 26ஆம் திகதி ஒன்ராறியோவில ஏலம். ஏலக்காரர் அனுப்பின மனுசன் வந்து மூடியைத் திறந்து எட்டு சிலிண்டரைக் கண்டதும் முகம் விழுந்துபோச்சு. அவர் பிரெஞ்சில சொன்னதை மகள்தான் எனக்குச் சொன்னாள். எட்டு சிலிண்டர் போட்ட பயர்பேர்ட் மூலைக்கு மூலை இருக்காம். கொம்பனி விட்டபடியே ஆறு சிலிண்டரும் கையால போடுற நாலு கியரும் உள்ளதுதான் கிடைக்காத சாமானாம். அதைத் தேடித் திரியிற ஆக்களே வருவினமாம். முன்கண்ணாடிக்குக் கீழ உள்ள இலக்கமும் எஞ்சினில அடிச்ச இலக்கமும் பொருந்தினால் முப்பதாயிரத்துக்கு மேல போகும், இப்ப இருக்கிறபடி வித்தால் பன்னிரண்டும் தேறாது எண்டார். றொசானாவை எடுத்துவிட அந்த ஆள் கேக்கிறது இருபத்தெட்டாயிரம்.

கியர்ப்பெட்டி எங்கட பேஸ்மென்டில கிடக்கு. எஞ்சின் உங்களிட்ட இருக்கு.

நீங்கள் அண்டைக்குச் சொன்னது சரி அண்ணை. ஆறு சிலிண்டரைக் கழட்டாதை, இந்தக் காரின்ர உயிரே அதுதான் எண்டு சொன்னனீங்கள். இவர் அதைத் தையல் மெசின் எண்டு நக்கலடிச்சு, கழட்டிப்போட்டு எட்டைப் பூட்டினார். அதோட விட்டாரே? மகளின்ர மூண்டாம் பிறந்தநாளில, அத்தனை சனத்துக்கு முன்னால, சைக்கிள் திருத்தினவனுக்குக் கார் விளங்குமோ எண்டு கேட்டார். நான் கேக்குக்குப் பக்கத்தில கத்தியோட நிண்டனான். நீங்கள் அப்பவே எழும்பிப் போய், அடுத்த கிழமை வந்து, குப்பையில போடாதை எண்டு சொல்லி கழட்டின எஞ்சினை வான் வண்டியில ஏத்திக்கொண்டு போனீங்கள். அந்தச் சொல்லுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன். இவர் கேக்கமாட்டார். ஏலத்துக்குப் பாக்க வந்த மனுசன் போனாப்பிறகு படியில குந்தியிருந்து, அருமை அப்பவே சொன்னவன் எண்டார். இவற்ற வாயால அவ்வளவுதான் வரும்.

இப்ப இவர் செய்யப்போறதை எழுதக் கை கூசுது. எங்கேயோ பழைய கார் யார்ட்டில இருந்து அதே மாதிரி ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒண்டு கொண்டுவந்திருக்கிறார். அதில வேற காரின்ர இலக்கம். அதை அராவிப்போட்டு எங்கட காரின்ர இலக்கத்தை அடிக்கப்போறாராம். இலக்கம் அடிக்கிற இரும்பு அச்சு ஒரு பெட்டி வாங்கியிருக்கிறார். கடையில கூடத் தந்த மிச்சக் காசைப் பனிக்குள்ள திரும்ப நடந்துபோய்க் குடுத்த மனுசன் அண்ணை இது. எங்கட சிற்றிசன் பைல் இன்னும் முடியேல்லை. பிடிபட்டால் இவரை மறியலில அடைச்சுப்போடுவினம், எங்களுக்கு என்னாகும் எண்டு தெரியாது. பெட்டியை நான் எடுத்து ஒளிச்சிட்டன். வீடு முழுக்கத் தேடுறார், என்னை மட்டும் கேக்கேல்லை.

கார் வியாழன் 24ஆம் திகதி ஏலத்துக்குப் போகவேணும். வாற வெள்ளிக்கிழமை நீங்கள் எஞ்சினோட வந்தால் சனி ஞாயிறில பூட்டிப்போடுவியள். காரில பாதி உங்கடது, நான் மறக்கேல்லை. அந்தப் பாதியையும் சேர்த்துத்தான் கேக்கிறன். வெக்கமாத்தான் இருக்கு, எண்டாலும் கேக்கிறன். வித்துப்போட்டீங்களெண்டால் ஆருக்கு எண்டாவது சொல்லுங்கோ, நான் போய் அவையின்ர காலில விழுறன். வந்தால் இவர் ஓடிவந்து கட்டிப்பிடிக்க மாட்டார். ஸ்பானரைத்தான் நீட்டுவார். அதை வாங்குங்கோ.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வரைக்கும் வாசலைப் பாப்பன். நீங்கள் வரேல்லையெண்டால் சனிக்கிழமை காலமை அந்த அச்சுப்பெட்டியை நானே இவற்ற கையில குடுப்பன். பக்கத்தில நிண்டு இலக்கத்தை ஒவ்வொண்டா வாசிச்சுச் சொல்லுறதும் நான்தான். பாவம் எண்டு தெரியும், சாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்தில சொல்லவும் மாட்டன், ஏனெண்டால் செய்ததை நினைச்சு எனக்கு மனஸ்தாபம் இராது. அங்க என்ர தங்கச்சியின்ர பேரை வாசிக்க முந்தி நான் எதையும் செய்யத்தான் வேணும்.

மாதா உங்களையும் உங்கட குடும்பத்தையும் தன்ர கைக்குள்ள வச்சிருக்கட்டும். மகளுக்கு ஞானத்தகப்பன் நீங்கள். அவளின்ர தாய் தேப்பனை அந்தச் சனிக்கிழமைக்கு விட்டிடாதேங்கோ.

உங்கட சகோதரி,
அக்னெஸ்